தென்திருவிதாங்கூரில் உயர்நிலைப்பள்ளி மாணவர் வாழ்க்கை (1940–1965)

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் முன்பு தென்திருவிதாங்கூர் எனப்பட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் அதில் அடங்கும். இவை 1949 ஜூன் வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், 1949 ஜூலை 1 முதல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தன. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தன. ஏழாண்டு இடைவெளியில் இரண்டு முறை மாநிலம் மாறிய இந்த நிலத்தில் அன்றைய உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எப்படிப் படித்தார்கள், எப்படிப் பழகினார்கள், பள்ளிக்கு வெளியே என்ன செய்தார்கள் என்பதை இக்கட்டுரை தொகுத்துச் சொல்கிறது. அப்போது கல்குளம் வட்டத்தில் இருந்த திருவட்டாறும் அதன் சுற்றுப்புறமும் சற்றுக் கூடுதலாக இடம்பெறும். கட்டுரையாளரின் ஊர் அது என்பதே காரணம்.

இதே காலத்து அமெரிக்க உயர்நிலைப்பள்ளி வாழ்க்கையை நம் மாணவர்கள் திரைப்படங்களில் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றி அவர்களால் ஒரு பக்கம் எழுத முடியும். தங்கள் தாத்தாவும் பாட்டியும் படித்த பள்ளியைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் திகைக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் இதைக் கண்டிருக்கிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தத் திகைப்புதான்.

பின்புலம்

தென்திருவிதாங்கூரில் பள்ளிக் கல்வி முன்னதாகவே வேரூன்றிவிட்டது. 1806-ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானிய மறைப்பணியாளர் அங்கே பள்ளி தொடங்கினார். 1817-ல் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்ற ஆணையை வெளியிட்டார். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் நடத்திய பள்ளி 1893-ல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக உயர்ந்தது. அரசுப் பள்ளிகள், மிஷன் பள்ளிகள், கத்தோலிக்கத் துறவியர் பள்ளிகள், தேவஸ்வம் மற்றும் சமுதாய அமைப்புகளின் பள்ளிகள் என்று பலவகைப் பள்ளிகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உருவாயின. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு சுமார் 18 விழுக்காடு. திருவிதாங்கூர்-கொச்சியில் அது ஏறத்தாழ 46 விழுக்காடு.

இந்த எண்ணைப் பார்த்து எல்லோரும் உயர்நிலைப்பள்ளி வரை படித்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. எழுதப் படிக்கத் தெரிவது வேறு, உயர்நிலைப்பள்ளிக்குள் நுழைவது வேறு. தொடக்கப்பள்ளி பெரும்பாலும் ஊரிலேயே இருந்தது, உயர்நிலைப்பள்ளி அப்படியல்ல. அங்கே மாதந்தோறும் சம்பளம் கட்ட வேண்டும். பள்ளிக் கட்டணத்தை அன்று ‘சம்பளம்’ என்றே சொன்னார்கள். பனையேறும் குடும்பத்திலும் வயல்கூலிக் குடும்பத்திலும் பன்னிரண்டு வயதுப் பையன் வேலைக்கு ஆகிவிட்ட கை. அவனைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுக்குச் செலவு ஒருபக்கம், இழந்த வருமானம் மறுபக்கம். ஒரு குடும்பத்தில் நாலு பிள்ளைகள் இருந்தால் ஒருவரைப் படிக்க வைத்துவிட்டு மற்றவர்கள் வேலைக்குப் போனதே வழக்கம். அந்த ஒருவர் யார் என்பதைப் பெரும்பாலும் தந்தையே முடிவு செய்தார்.

பாரமும் பரீட்சையும்

சமஸ்தான காலத்து ஆங்கிலப் பள்ளிகளில் வகுப்பை ‘பாரம்’ என்று சொன்னார்கள். நான்கு தொடக்க வகுப்புகளுக்குப் பின் ஆயத்த வகுப்பு, அதன்பின் முதல் பாரம் முதல் ஆறாம் பாரம் வரை. நாலாம், ஐந்தாம், ஆறாம் பாரங்கள் உயர்நிலை வகுப்புகள். ஆறாம் பாரத்தின் முடிவில் இ.எஸ்.எல்.சி. எனப்பட்ட ஆங்கிலப் பள்ளியிறுதித் தேர்வு. அதில் தேறியவர்களை ஊரில் தனியாக அடையாளம் சொன்னார்கள். ஒருவர் பெயரோடு ‘ஆறாம் பாரம் பாஸ்’ என்று சேர்த்துச் சொல்லும் பழக்கம் முதியவர்களிடம் அண்மைக்காலம் வரை இருந்தது.

1956 இணைப்புக்குப் பின் சென்னை மாநிலத்தின் முறை இங்கும் வந்தது. பதினோராம் வகுப்பு முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு, அதன்பின் கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி., பிறகு பட்டப்படிப்பு. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் 1978-ல் வரும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

பள்ளியிறுதித் தேர்வில் தேறியவருக்கு ஆசிரியப் பயிற்சி, அரசு அலுவலக எழுத்தர் வேலை, தபால் துறை, ராணுவம் ஆகிய வழிகள் திறந்தன. கல்லூரிக்குச் செல்ல விரும்பினால் 1952 வரை நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, இல்லாவிட்டால் திருவனந்தபுரம். 1952-ல் நாகர்கோவிலில் தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும், 1964-ல் மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரியும், 1965-ல் நாகர்கோவிலில் பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரியும் தொடங்கப்பட்டன.

நடையும் நண்பகலும்

அன்றைய மாணவர்களிடம் பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது பாடத்தைப் பற்றியல்ல, நடையைப் பற்றித்தான். நான்கு மைல், ஐந்து மைல் நடந்து பள்ளிக்கு வந்தவர்கள் சாதாரணம். 1938-ல் சமஸ்தான அரசு பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியது. திருவனந்தபுரம்–நாகர்கோவில் நெடுஞ்சாலையில் பேருந்து ஓடினாலும் உட்பகுதி ஊர்களுக்கு அது எட்டவில்லை. எட்டிய ஊர்களிலும் தினம் டிக்கெட் எடுக்கும் வசதி மாணவர்களுக்கு இல்லை.

திருவட்டாறு பகுதியில் கோதையாறும் பரளியாறும் ஊரைச் சுற்றி ஓடி மூவாற்றுமுகத்தில் சேர்கின்றன. எடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வரும். பள்ளி திறப்பதும் அதே நாட்களில்தான். ஆறு பெருகினால் அக்கரைப் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஆசிரியர்கள் அதைக் கேட்பதும் இல்லை. துணிக்குடை உள்ளவர் சிலர், ஓலைக்குடை உள்ளவர் பலர். புத்தகம் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தலையில் வாழையிலையோடு ஓடியவர்களும் உண்டு.

ஊருக்கு நாலு பேர், அடுத்த ஊரில் மூன்று பேர் என்று வழியில் சேர்ந்து பள்ளிக்கு வரும்போது பதினைந்து இருபது பேர் ஆகிவிடுவார்கள். பாட்டு, சண்டை, கதை, மாங்காய்க்கு எறிந்த கல், படித்த புத்தகத்தின் கதையை மற்றவர்களுக்குச் சொல்வது எல்லாம் இந்த வழியிலேயே நடந்தன. வேறுவேறு தெருக்களிலிருந்து, வேறுவேறு சமுதாயங்களிலிருந்து வந்தவர்கள் பெரியவர்களின் கண்காணிப்பு இல்லாமல் பழகிய ஒரே நேரம் அது.

நண்பகல் உணவில் வீட்டின் நிலை தெரிந்துவிடும். வசதியானவர் வாழையிலையில் பொதிச்சோறு கொண்டு வந்தார். பலருக்கு மரச்சீனிக் கிழங்கும் ஒரு துண்டு மீனும். சிலருக்கு அதுவும் இல்லை. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசிக்கு வெளியிடங்களை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அந்த ஆண்டுகளில் ரேஷன் அரிசிக் கஞ்சியும் மரச்சீனியுமே மாணவர்களைத் தாங்கின. ‘மரச்சீனி இல்லேன்னா நான் நாலாம் பாரமே பார்த்திருக்க மாட்டேன் மக்களே’ என்று என் தாய்மாமா சொல்வார். இது இப்பகுதியில் அந்தத் தலைமுறையில் பலரும் சொல்லும் வாசகம்தான்.

ஒரே பெஞ்சு

இந்த மண்ணில் பள்ளிக்கூடம் எல்லோருக்கும் திறந்தது எளிதாக நடக்கவில்லை. 1900-களிலும் 1910-களிலும் திருவிதாங்கூரில் அய்யன்காளி புலையர் பிள்ளைகளின் பள்ளி நுழைவுக்காகப் போராடினார். வயல்வேலை நிறுத்தம் வரை அது சென்றது. நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அவர் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றபோது அந்தப் பள்ளியே எரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் தென்திருவிதாங்கூர் கண்ட தோள்சீலைப் போராட்டத்திலும் மிஷன் பள்ளிகளுக்குச் சென்ற பெண்கள் மேலாடை அணிந்தது ஒரு காரணம். 1926-ல் சுசீந்திரத்தில் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று வெளிவந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம் அரசுக்குட்பட்ட கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்தது.

ஆகவே 1940-களின் நாலாம் பாரத்தில் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த பையன்கள், தங்கள் தந்தையர் ஒரே தெருவில் நடக்க முடியாத காலத்துக்கு மிக அருகில் இருந்தார்கள். சட்டம் மாறிய வேகத்தில் வழக்கம் மாறவில்லை. பெஞ்சில் சேர்ந்திருந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் பிரிந்தார்கள். என் தாய்மாமா தன் நண்பன் வீட்டுக்கு முதன்முறை போனபோது முற்றத்திலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார்கள். நண்பன் மறுநாள் அவரிடம் பேசவில்லை, வெட்கத்தினால்தான். மூன்றாம் நாள் தன் பொதிச்சோற்றைப் பிரித்துப் பாதியை அவர் முன்னால் வைத்தான். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மாமா அந்தக் குழம்பு என்ன குழம்பு என்பதைச் சொல்வார்.

இப்படிப்பட்ட சின்னச் செயல்கள் எந்த அரசு ஆவணத்திலும் பதிவாகவில்லை. ஆனால் உயர்நிலைப்பள்ளி செய்த பெரிய வேலை இதுதான். அதுவரை ‘நம்மாள்’ என்ற சொல்லுக்குச் சொந்தக்காரன், சொந்தத் தெருக்காரன் என்றே பொருள். பள்ளியில் பழகியவர்களுக்கு அந்தச் சொல்லின் எல்லை சற்றே விரிந்தது. நாகர்கோவில் ஒழுகினசேரியைச் சேர்ந்த என்.எஸ்.கிருஷ்ணன் 1949-ல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் ‘கிந்தனார்’ காலட்சேபத்தை நிகழ்த்தினார். நந்தனார் கதையின் அமைப்பை எடுத்துக்கொண்டு, ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் படித்து உயர்வதைச் சொல்லும் நிகழ்ச்சி அது. அக்காலத்து மாணவர்கள் அதை நடித்துக் காட்டி மகிழ்ந்தார்கள். அவர்கள் வகுப்பிலேயே ஒரு கிந்தன் உட்கார்ந்திருந்தான் என்பதால் அது அவர்களுக்கு வெறும் நகைச்சுவையாக இருக்கவில்லை.

மன்றம், மைதானம், வாசகசாலை

பாடநூலுக்கு வெளியே மாணவர் கூடிய இடங்களில் முதலாவது இலக்கிய மன்றம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் மன்றக் கூட்டம் நடக்கும். கடவுள் வாழ்த்து, வரவேற்பு, பேச்சு, பாட்டு, தலைவர் உரை, நன்றியுரை என்று ஒழுங்கு இருக்கும். ஒரு பொதுக்கூட்டத்தை நடத்துவது எப்படி என்பதைப் பதினைந்து வயதில் அங்கேதான் கற்றார்கள். தேரூரைச் சேர்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) தாமே ஆசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய குழந்தைப் பாடல்கள் மன்ற மேடைகளில் தவறாமல் ஒலித்தன.

இரண்டாவது இடம் மைதானம். மாணவர்கள் ‘ட்ரில் சார்’ என்று அழைத்த உடற்பயிற்சி ஆசிரியர் பள்ளியின் முக்கியமான மனிதர். சடுகுடு, கைப்பந்து, பூப்பந்து, கால்பந்து ஆகியவை பரவலாக ஆடப்பட்டன. கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் வெறுங்காலில் கால்பந்து ஆடுவதில் பெயர் பெற்றவர்கள். சாரணர் இயக்கம் இருந்தது. நாடு விடுதலை பெற்றபின் 1948 சட்டத்தின்படி தேசிய மாணவர் படை அமைந்தது. 1950-களில் ஏ.சி.சி. எனப்பட்ட துணை மாணவர் படையும் பள்ளிகளுக்கு வந்தது. காக்கிச் சீருடை பலருக்கு முதன்முறையாகக் கிடைத்த நல்ல உடை. காலணி போட்டு நடந்ததும் பலருக்கு அப்போதுதான் முதல் முறை.

மூன்றாவது வாசகசாலை. 1945-ல் பி.என்.பணிக்கரின் முயற்சியால் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் உருவானது. சிற்றூர்களில் ஓர் அறை, இரண்டு பெஞ்சு, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, சில நாளிதழ்கள் என்று வாசகசாலைகள் நடந்தன. மாலையில் பள்ளி மாணவன் உரக்க நாளிதழ் வாசிக்க, எழுத்தறியாத பெரியவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். அந்தப் பையனுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டானது. அவன் வாசித்த செய்தி உலகப் போராக இருக்கும், காந்தியின் மறைவாக இருக்கும், எல்லைப் பிரச்சினையாக இருக்கும்.

வானொலி மெதுவாக வந்தது. திருவனந்தபுரம் நிலையம் 1943-ல் தொடங்கியது. 1950-ல் அது அகில இந்திய வானொலியின் ஒரு நிலையமானது. 1952-க்குப் பின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்துவிட்டதால், திரைப்பாட்டுக்கு இலங்கை வானொலியே கதி. வானொலிப் பெட்டி இருந்த கடையின் வாசலில் மாணவர்கள் நின்று கேட்டார்கள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழா நாட்களில் இரவில் கதகளி நடக்கும். விடிய விடியப் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் தூங்கி அடிவாங்கியவர்கள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். பள்ளிச் சுற்றுலா என்றால் பெரும்பாலும் பத்மநாபபுரம் அரண்மனை, 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை, கன்னியாகுமரிக் கடற்கரை ஆகிய மூன்றில் ஒன்று.

இரு மொழிகளுக்கு நடுவே

தென்திருவிதாங்கூர் மாணவனின் வாழ்க்கையைப் பிற தமிழ்ப் பகுதி மாணவனிடமிருந்து வேறுபடுத்தியது மொழி. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், உயர் வகுப்பில் ஆங்கிலம். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் பல பள்ளிகள் மலையாளம் வழியாகவே கற்பித்தன. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை முதலில் எழுதப் பழகியது மலையாள எழுத்தாக இருக்கலாம். நாகர்கோவிலில் பிறந்த சுந்தர ராமசாமி பதினெட்டு வயதில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். தேங்காப்பட்டினத்தைச் சேர்ந்த தோப்பில் முஹம்மது மீரான் மலையாளம் வழியாகப் படித்தவர். இருவரும் பின்னர் தமிழின் முதன்மையான நாவலாசிரியர்கள் ஆனார்கள். இது விதிவிலக்கல்ல, அன்றைய பள்ளிமுறையின் விளைவு.

1945-ன் இறுதியில் தமிழர்களுக்கென்று தனி அரசியல் அமைப்பு நாகர்கோவிலில் உருவானது. அதுவே பின்னர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. வழக்கறிஞர் மார்ஷல் நேசமணி (1895–1968) அதன் பெருந்தலைவராக விளங்கினார். தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 1954-ல் பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சராக இருந்தபோது ஆகஸ்ட் 11 விடுதலை நாளாக அறிவிக்கப்பட்டது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் உயிரிழந்தார்கள்.

மாணவர்களும் இந்தப் போராட்டத்தின் ஊர்வலங்களில் நடந்தார்கள். வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். பொதுக்கூட்ட மேடைகளில் பேசினார்கள். இலக்கிய மன்றத்தில் பழகிய பேச்சு அங்கே பயன்பட்டது. மாணவனின் தந்தை அரசு ஊழியராக இருந்தால் வீட்டில் பெரும் அச்சம். வகுப்பில் மலையாளம் பேசும் நண்பர்களும் இருந்தார்கள். அவர்களோடு நேற்றுவரை ஒன்றாகப் பந்தாடியவன் இன்று கோஷம் போட்டுக்கொண்டு போகிறான். ஆகஸ்ட் 11-க்குப் பிறகு சில வகுப்புகளில் பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது என்று சொல்பவர்கள் உண்டு. சில மாதங்களில் மீண்டும் சேர்ந்துகொண்டோம் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் நாம் பதிவு செய்ய வேண்டும்.

மாணவிகள்

இதுவரை ‘பையன்’, ‘அவன்’ என்றே சொல்லி வந்தது தற்செயலாக அல்ல. உயர்நிலை வகுப்புகளில் பெண்கள் மிகக் குறைவு. இத்தனைக்கும் பெண்கல்வி இங்கே பழமையானது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820 அளவிலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பெண்களுக்கான மிஷன் பள்ளிகளும் கன்னியர் மடப் பள்ளிகளும் இருபதாம் நூற்றாண்டில் பெருகின. ஆனால் உட்பகுதிகளில் பெண் பூப்பெய்தியதும் படிப்பு நின்றது. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) நாவல் விளவங்கோட்டுப் பனைவிளை வாழ்க்கையைச் சொல்வது. அதன் நாயகி லிஸி படிப்பில் ஆசையுள்ளவள். வயது வந்ததும் அவளுக்குப் பள்ளியும் வெளியுலகமும் மூடிவிடுகின்றன. அந்த நாவலைப் படித்த எங்கள் ஊர் மூதாட்டிகள் சிலர், இது கதையில்லை, எங்கள் கணக்கு என்றார்கள்.

தொடர்ந்து படித்த சிலருக்கு விதிகள் தனி. வகுப்பில் தனி பெஞ்சு. ஆசிரியர் வந்தபின் உள்ளே வருவார்கள், ஆசிரியர் போகும்போது வெளியேறுவார்கள். ஆண்களோடு பேச்சு கிடையாது. விளையாட்டு என்றால் பெண்கள் பள்ளிகளில் வளைப்பந்து, கோலாட்டம், கும்மி. இந்தக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே தேறியவர்கள் ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும் ஆனார்கள். நெய்யூர் மிஷன் மருத்துவமனையும் வடசேரி கேதரின் பூத் மருத்துவமனையும் பெண்களுக்கு வேலை தந்தன. ஒரு வீட்டில் ஓர் அக்கா ஆசிரியை ஆனால், அவர் சம்பளத்தில் தம்பி தங்கைகள் அத்தனை பேரும் உயர்நிலைப்பள்ளிக்குப் போனார்கள். பல அக்காமார் அதற்காகத் தங்கள் திருமணத்தைத் தள்ளிவைத்தார்கள். நம் மாவட்டத்தின் கல்விப் பெருமையைப் பேசும்போது இந்த அக்காமாரைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1956-க்குப் பின்

இணைப்பின்போது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் காமராஜ். மதிய உணவுத் திட்டம் அப்போதுதான் அங்கே பரவத் தொடங்கியிருந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் மக்களையே பள்ளிக்குக் கட்டடமும் பெஞ்சும் சீருடையும் தர வைத்தன. 1960-களின் தொடக்கத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிறுதி வகுப்பு வரை கட்டணம் நீக்கப்பட்டது. சம்பளப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படும் அவமானம் அதோடு முடிந்தது.

மாற்றம் சிலருக்கு இடைஞ்சலாகவும் இருந்தது. மலையாளத்தில் படித்துவந்தவர் நடுவில் தமிழுக்கு மாற நேர்ந்தது. ஆசிரியர்கள் சிலர் கேரளத்துக்குப் போனார்கள், நெல்லைப் பகுதியிலிருந்து புதியவர்கள் வந்தார்கள். அவர்கள் தமிழ் நமக்கும் நம் தமிழ் அவர்களுக்கும் சிரிப்பாக இருந்தது. மலையாளவழி வகுப்புகள் முற்றிலும் மறையவில்லை. எல்லையோரப் பள்ளிகள் சிலவற்றில் இன்றும் உள்ளன. 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தபின் நாகர்கோவில்காரரின் காது கிழக்கே திரும்பியது. 1965 ஜனவரியில் தமிழகம் முழுவதும் இந்தி எதிர்ப்பு மாணவர் போராட்டம் எழுந்தபோது, மாணவன் என்ற சொல்லுக்கே அரசியல் பொருள் வந்துவிட்டது. 1966-ல் பரளியாற்றின் மேல் மாத்தூர் தொட்டிப்பாலம் எழுந்தது. அந்தக் காலகட்டத்தோடு இக்கட்டுரை எடுத்துக்கொண்ட தலைமுறையின் பள்ளி நாட்களும் முடிந்துவிட்டன.

அமெரிக்காவில் அதே காலம்

தொடக்கத்தில் குறிப்பிட்ட அமெரிக்கப் பள்ளிகளை இப்போது பார்க்கலாம். 1900-ல் அங்கே பதினான்கு முதல் பதினேழு வயதுள்ளவர்களில் பத்தில் ஒருவர்தான் உயர்நிலைப்பள்ளியில் இருந்தார். 1940-க்குள் அது பத்தில் ஏழாக உயர்ந்தது. ஒரு தலைமுறைக்குள் உயர்நிலைப்பள்ளி எல்லோருக்கும் உரியதானது. அதனால் ‘டீன் ஏஜர்’ என்றொரு தனி உலகம் பிறந்தது. பள்ளிக் கால்பந்துப் போட்டி, ஆண்டிறுதி நடன விருந்து, மாணவர் சங்கத் தேர்தல், சனிக்கிழமைத் திரைப்படம் என்று அந்த உலகத்துக்குத் தனிப் பழக்கங்கள் உண்டாயின. ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் இல்லினாய் மாநிலத்தின் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1961-ல் வெளியிட்ட நூல், மாணவர்கள் தங்களுக்குள் படிப்பாளியைவிட விளையாட்டு வீரனையே மதித்தார்கள் என்று காட்டியது.

அங்கும் எல்லோருக்கும் ஒரே பெஞ்சு இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரத்தின் சென்ட்ரல் உயர்நிலைப்பள்ளிக்கு ஒன்பது கறுப்பின மாணவர்கள் ராணுவப் பாதுகாப்போடுதான் செல்ல முடிந்தது. பஞ்சமியின் கதையை அறிந்த நமக்கு அது அந்நியமான செய்தியல்ல. வேறுபாடு ஒன்று உண்டு. நம் மாணவர்களுக்குத் தனி இளைஞர் உலகம் என்று ஒன்று இருக்கவில்லை. மாலையில் வீடு திரும்பியதும் ஆடு கட்டவும், அக்கானி காய்ச்சும் விடிலிக்கு விறகு சேர்க்கவும், தம்பியைத் தூக்கவும் வேண்டியிருந்தது. அவர்களுடைய இளமை பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த அந்த நாலு மைல் வழியில்தான் இருந்தது.

எஞ்சியிருப்பவை

அமெரிக்கப் பள்ளிகள் ஆண்டுதோறும் மாணவர் படங்களோடு ஆண்டு மலர் அச்சிட்டன. அந்த மலர்களைக் கொண்டு அவர்களுடைய பள்ளி வாழ்க்கையை இன்று யாரும் எழுதிவிடலாம். நம் பள்ளிகளில் ஆண்டு மலர் போட்டவை குறைவு. நமக்கு எஞ்சியிருப்பவை நான்கு: சேர்க்கைப் பதிவேடு, இறுதியாண்டுக் குழுப்படம், பிரியும்போது நண்பர்கள் எழுதித் தந்த ஆட்டோகிராப் ஏடு, முதியவர்களின் நினைவு.

பதிவேடுகளில் தந்தையின் தொழில், ஊர், சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவை இருக்கும். சமஸ்தான காலத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வழக்கில் இருந்ததால், அதனுடன் 824 அல்லது 825 கூட்டிக் கிறிஸ்து ஆண்டைக் கணக்கிட வேண்டும். விலகிய தேதிகளை வரிசையாகப் பார்த்தாலே எந்தப் பஞ்சத்தில் எத்தனை பேர் நின்றார்கள், எந்த வயதில் பெண்கள் நின்றார்கள் என்பது தெரியும். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் பாதிப் பக்கங்களைச் செல் அரித்திருந்தது. குழுப்படங்களில் பெயர் எழுதப்படாதவை நிறைய. அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல்.

மாணவர்களுக்கு ஓர் எளிய செயல்திட்டம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ 1965-க்கு முன் உயர்நிலைப்பள்ளியில் படித்த ஒருவரிடம் ஒரு மாலை உட்காருங்கள். எத்தனை மைல் நடந்தீர்கள், மதியம் என்ன சாப்பிட்டீர்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், உங்களோடு சேர்ந்தவர்களில் யார் பாதியில் நின்றார்கள் என்ற நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய குழுப்படம் இருந்தால் பின்பக்கம் பெயர்களைக் குறித்துவையுங்கள். உயர்நிலைப்பள்ளி வாசலையே பார்க்காத ஒருவர் அதே வீட்டில் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். தம்பி படிப்பதற்காகப் பனை ஏறிய அண்ணனும், கூலிக்குப் போன அக்காவும் இந்த வரலாற்றில் இடம்பெற வேண்டியவர்கள்.